இரண்டு வாசல் வீடு: ஐரோப்பாவின் கிராமத்து யூதர்கள் யார், என்ன ஆனார்கள்?

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் எண்டிங்கன், லெங்னாவ் என்று அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கே மிச்சமிருக்கும் பழைய வீடுகள் சிலவற்றின் முன்னால் போய் நின்றால், கட்டிய கொத்தனார் கொஞ்சம் குழம்பிவிட்டார் போல என்றுதான் தோன்றும். ஒரே முகப்பு, ஒரே கூரை, ஆனால் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தலைவாசல். ஒன்று யூதக் குடும்பத்துக்கு, இன்னொன்று கிறித்தவக் குடும்பத்துக்கு. இரு மதத்தாரும் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் விதி. சரி, வாசலை இரண்டாக வைத்துவிட்டால் கணக்குப்படி இரண்டு வீடுதானே என்று யாரோ ஒரு கெட்டிக்காரர் யோசித்திருக்கிறார். பிறகு அதுவே அந்த ஊர்களின் பாணியாகிவிட்டது.

இந்த இரண்டு வாசலை மனத்தில் வைத்துக்கொண்டால் ‘கிராமத்து யூதர்கள்’ என்ற விஷயம் பாதி புரிந்துவிடும். ஜெர்மன் மொழியில் இவர்களை ‘லாண்ட்யூடன்’ என்பார்கள், நாட்டுப்புறத்து யூதர்கள் என்று அர்த்தம். யூதர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பெரும்பாலும் நகரம்தான்: வங்கி, வைரக்கடை, டாக்டர், பேராசிரியர், இல்லாவிட்டால் போலந்தில் ஆட்களை அடைத்து வைத்த கெட்டோக்கள். ஆனால் தெற்கு ஜெர்மனியிலும் இன்று பிரான்ஸில் இருக்கும் அல்சாஸ் பகுதியிலும் சுவிஸ் எல்லையோரத்திலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யூதர்களில் பெரும்பாலானோர் கிராமவாசிகள். வீட்டை ஒட்டித் தொழுவம், தெருவில் சாணி, சனிக்கிழமை ஓய்வுநாளில் மட்டும் நல்ல கோட்டு, இதுதான் அவர்கள் வாழ்க்கை.

ஏன் கிராமம்? ஆசைப்பட்டுப் போகவில்லை. 15ஆம் நூற்றாண்டிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆக்ஸ்பர்க், உல்ம், நூரெம்பர்க், ரேகன்ஸ்பர்க் என்று பெரிய நகரங்கள் ஒவ்வொன்றாக யூதர்களைத் துரத்திவிட்டன. அன்றைய தெற்கு ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. நூற்றுக்கணக்கான துண்டு ஆட்சிகள், அவற்றில் பலவற்றின் சொத்து ஒரு கோட்டையும் இரண்டு மூன்று கிராமமும்தான். அந்தக் குட்டிப் பிரபுக்களுக்கு எப்போதும் காசு முடை, அதிலும் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு கஜானாவும் காலி, கிராமங்களும் பாதி காலி. எனவே அவர்கள் யூதக் குடும்பங்களுக்கு ‘பாதுகாப்புக் கடிதம்’ எழுதிக் கொடுத்து, குடியிருக்க விட்டு, அதற்கு வருடா வருடம் பணம் வாங்கிக்கொண்டார்கள். கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு, புதுப்பிக்கவும் காசு, ஊரில் இத்தனை குடும்பம்தான் என்று வரம்பு. பாதுகாப்பு என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, கிட்டத்தட்ட வாடகைச் சீட்டு அது. சுவிட்சர்லாந்தில் கெடுபிடி இன்னும் ஒருபடி மேலே: 1776 முதல் அந்த நாட்டில் யூதர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதித்தது எண்டிங்கன், லெங்னாவ் இரண்டு ஊரில் மட்டும்தான்.

குடியிருக்க இடம் கிடைத்தது, ஆனால் பிழைப்பு? பெரும்பாலான ஊர்களில் அவர்கள் நிலம் வாங்க முடியாது. கைத்தொழில் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாது, ஆகவே தச்சனாகவோ கொல்லனாகவோ ஆக முடியாது. மிஞ்சியது வியாபாரம், அதிலும் மற்றவர்கள் சீண்டாத வகை. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு துணி, ஊசி, நூல், பித்தான் என்று பண்ணை பண்ணையாக நடந்து விற்பது. வாரத் தொடக்கத்தில் கிளம்பினால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்முன் வீடு திரும்பியாக வேண்டும், ஓய்வுநாள் தொடங்கிவிடும். கையில் கொஞ்சம் முதல் சேர்ந்தவர்கள் மாட்டு வியாபாரத்துக்கு நகர்ந்தார்கள். அதுதான் கடைசிவரை கிராமத்து யூதர்களின் அடையாளத் தொழிலாக நின்றது.

மாட்டு வியாபாரம் என்றால் வாங்கி விற்பது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன விவசாயியிடம் மாடு வாங்கப் பணம் இருக்காது. வியாபாரி தன் மாட்டை அவர் தொழுவத்தில் கட்டிவிட்டுப் போவார், விவசாயி தீனி போட்டு வளர்ப்பார், பாலும் சாணமும் அவருக்கு, கன்றும் விற்ற காசும் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அதாவது நாம் வாரத்துக்கு விடுவது என்று சொல்கிறோமே, அச்சு அசல் அதேதான். இன்னொரு பக்கம் கடனும் அவரிடமே: அறுவடைக்குப் பிறகு கொடு, பசு ஈன்ற பிறகு கொடு. கிராமத்தில் வங்கி இல்லாத காலத்தில் வங்கியும் அவர்தான், மாட்டைப் பற்றி யோசனை கேட்கிற ஆளும் அவர்தான், அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்று சேதி கொண்டுவருகிறவரும் அவர்தான். கடன் கொடுத்தவர்மேல் வருகிற எரிச்சலும் அவர்மேல்தான் விழும், அது தனிக்கதை.

சந்தையில் இவர்களுக்கென்று ஒரு மொழி இருந்தது. ஜெர்மன் வாக்கியத்துக்குள் எபிரேயச் சொற்களைச் செருகிப் பேசுவது. மாட்டுக்கு ‘பெஹேமே’, குதிரைக்கு ‘சூஸ்’, விலைக்கு எபிரேய எண்கள். எதிரில் நிற்கிற ஆளுக்குத் தெரியாமல் விலை பேசிக்கொள்ளத்தான். துண்டைப் போட்டு மூடி அதற்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேவையை விளக்க வேண்டியதில்லை. சில ஊர்களில் இந்தப் பேச்சுக்கு ‘லெகூதெஷ்’ என்றும் வேறு சில ஊர்களில் ‘லகௌதிஷ்’ என்றும் பெயர். இரண்டும் ‘லஷோன் ஹகோதெஷ்’, அதாவது புனித மொழி என்ற எபிரேயத் தொடரின் திரிபு. வேதத்தின் மொழி மாட்டுச்சந்தையில் புழங்கியிருக்கிறது! நாளடைவில் கிறித்தவ வியாபாரிகளும் அதைக் கற்றுக்கொண்டு யூதர்களிடமே எபிரேயத்தில் பேரம் பேசினார்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

ஊரின் வாரமும் வருடமும் இரண்டு நாட்காட்டியில் ஓடின. ஓய்வுநாளில் யூதர்கள் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் பக்கத்து வீட்டுக் கிறித்தவப் பெண்ணோ பையனோ வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போவார்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில் புளிப்பில்லா அப்பம் கிறித்தவர் வாசலுக்குப் போகும், ஈஸ்டருக்கு முட்டை யூதர் வாசலுக்கு வரும். எண்டிங்கனில் கிறித்தவத் தேவாலயமே கிடையாது. ஊரில் உள்ள ஒரே வழிபாட்டுக் கூடம் 1852இல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம்தான், அதனால் ஊருக்கு நேரம் சொல்லும் கடிகாரமும் மணியும் அதன் முகப்பிலேயே வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லோரும் தாயாய்ப் பிள்ளையாய் இருந்தார்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1802 செப்டம்பரில், பிளம் பழம் பழுக்கிற பருவத்தில், சுற்றுவட்டாரத்திலிருந்து திரண்டு வந்த கும்பல் இதே எண்டிங்கனிலும் லெங்னாவிலும் யூதர் வீடுகளைக் கொள்ளையடித்தது. அதற்கு ‘பிளம் சண்டை’ என்று செல்லப்பெயர் வேறு. இரண்டு வாசல் என்பதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்: கதவுகள் ஒட்டியே இருந்தன, ஆனால் கதவு இரண்டு.

இப்போது அங்கிருந்து கிழக்கே போய் ரைன் நதியைத் தாண்டுவோம். ஜெர்மனியின் பாடன் பகுதியில், நதியின் வடகரையில், கைலிங்கன் என்று ஓர் ஊர். எதிர்க்கரையில் சுவிட்சர்லாந்தின் டீசன்ஹோஃபன், இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட பழைய மரப்பாலம். கைலிங்கனில் 1657 முதல் யூதர்களுக்குப் பாதுகாப்புக் கடிதம் கிடைத்தது. அடுத்த 200 ஆண்டுகளில் அந்தச் சிறு கூட்டம் வளர்ந்த விதம் ஆச்சரியமானது: 1858 கணக்கெடுப்பில் யூதர்கள் 996 பேர், கிறித்தவர்கள் 982 பேர். ஜெர்மனியின் ஒரு கிராமத்தில் யூதர்கள் பெரும்பான்மை! 1836இல் கட்டிய பெரிய ஜெப ஆலயம் இருந்தது, யூதப் பள்ளி இருந்தது, ரபி என்கிற யூத மதகுருவும் இருந்தார். 1870 முதல் 1884 வரை ஊரின் மேயராக இருந்தவர் லியோபோல்ட் குகன்ஹைம் என்ற யூதர், அன்றைய ஜெர்மனியில் அபூர்வம் அது. யூதர்களின் பூரிம் பண்டிகை வந்தால் மாறுவேடம் போட்டுக்கொண்டு ஊரே தெருவில் இறங்கும், அதைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் கிறித்தவர்களும் வருவார்கள். அப்புறம் 1891இல் மருத்துவமனை, 1898இல் பாடன் முழுவதிலுமிருந்து வயதான யூதர்களைச் சேர்த்துக்கொண்ட ‘ஃப்ரீட்ரிக்ஸ்ஹைம்’ முதியோர் இல்லம். இந்த இல்லத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்து யூதர்களின் கதையில் பலரும் தவறவிடுகிற கட்டம் ஒன்று இருக்கிறது. இந்த ஊர்கள் இரண்டு தடவை காலியாயின. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் எதுவுமே புரியாது.

முதல் தடவை யாரும் துரத்தவில்லை. 1862இல் பாடன் அரசு யூதர்களுக்குச் சம உரிமை கொடுத்தது, எங்கே வேண்டுமானாலும் குடியேறலாம் என்றாகிவிட்டது. 1866இல் சுவிட்சர்லாந்தும் அந்த இரண்டு ஊர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ரயில் வேறு வந்துவிட்டது. பிறகு யார் கிராமத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? பையன்கள் நகரத்துக்குப் போய்க் கடை வைத்தார்கள், படித்து வக்கீலானார்கள், பலர் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறினார்கள். சுரங்கத் தொழிலில் கோடி கோடியாகச் சம்பாதித்து, நியூயார்க்கில் இன்றும் தங்கள் பெயரில் அருங்காட்சியகம் வைத்திருக்கும் குகன்ஹைம் குடும்பம் லெங்னாவிலிருந்து கிளம்பியதுதான். 1850 வாக்கில் எண்டிங்கனில் பாதிப் பேர் யூதர்கள். அடுத்த தலைமுறைகளில் அவர்கள் பாசெல், சூரிச் என்று போய்ச் சேர்ந்தார்கள். கைலிங்கனிலும் இதே கதைதான், 1933இல் அங்கே மிச்சம் 300 பேருக்குச் சற்று அதிகம். இருந்தவர்களிலும் வயதானவர்கள் அதிகம். இது வருத்தமான விஷயம் என்றாலும் இயல்பான வருத்தம். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் கிழவனும் கிழவியும், விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். எந்தக் கிராமத்தில்தான் இது நடக்கவில்லை?

இரண்டாவது தடவை நடந்தது வேறு.

1933 ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க யூதர் கடைகளைப் புறக்கணிக்கும்படி நாஜிகள் ஆள் நிறுத்தினார்கள். நகரத்தில் அது பலித்த அளவுக்குக் கிராமத்து மாட்டு வியாபாரத்தில் உடனே பலிக்கவில்லை. விவசாயிகள் பலர் அதே யூத வியாபாரியிடமே மாடு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று கட்சிக்காரர்கள் வருடக்கணக்கில் புலம்பி அறிக்கை எழுதியிருக்கிறார்கள். பெரிய கொள்கைப் பிடிப்பு ஒன்றும் இல்லை. ரொக்கம் கொடுப்பார், கடனுக்கும் தருவார், அப்பா காலத்திலிருந்து பழக்கம், அவ்வளவுதான். ஆகவே பழக்கத்தைச் சட்டத்தால் அறுத்தார்கள். 1935 நூரெம்பர்க் சட்டங்கள் யூதர் வீட்டில் 45 வயதுக்குக் குறைந்த ஜெர்மன் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றன, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் நின்றுபோனாள். 1937இல் மாட்டு வியாபார உரிமத்துக்கு ‘நம்பகத்தன்மை’ என்று ஒரு நிபந்தனை வந்தது, யூதர்களுக்கு அது இல்லையென்று உரிமத்தைப் பிடுங்க வசதி. 1938 கோடையில் ஊர் ஊராகப் போய் விற்கும் தொழிலும் தடை. கிராமத்து யூதன் இன்னொருவன் வீட்டு வாசலை மிதிக்க இருந்த காரணம் ஒவ்வொன்றாகப் போனது.

1938 நவம்பர் 10 காலையில் பக்கத்து ராடோல்ஃப்செல் ஊரின் முகாமிலிருந்து நாஜிகளின் எஸ்எஸ் படையினர் வந்து கைலிங்கன் ஜெப ஆலயத்தைத் தகர்த்தார்கள். 102 வருடக் கட்டடம். ஆண்களைப் பிடித்து டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஊரின் கடைசி ரபி மொர்தெகாய் போரர் அங்கேயே அந்த டிசம்பரில் இறந்துபோனார்.

இங்கே அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எதிர்க்கரை கண்ணுக்கு எதிரே தெரிகிறது, அங்கே போர் கிடையாது, நாஜி கிடையாது. ஆனால் 1938 இலையுதிர்காலத்தில் சுவிஸ் அரசும் ஜெர்மனியும் பேசி முடித்ததன் விளைவாக ஜெர்மன் யூதர்களின் பாஸ்போர்ட்டில் பெரிய ‘ஜே’ எழுத்து முத்திரை குத்தப்பட்டது. யார் யூதர் என்று எல்லைக் காவலருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடலாம். 1942 ஆகஸ்டில் எல்லையையே அகதிகளுக்கு மூடினார்கள். அதன் பிறகும் இந்த வட்டாரத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் உண்டு. அடுத்த ஊரான காட்மடிங்கனில் யோசெஃப் ஹோஃப்லர் என்ற தொழிலாளி, பெர்லினைச் சேர்ந்த லூயிஸ மையர் என்ற பெண்மணியோடு சேர்ந்து 1943, 1944இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களை எல்லை தாண்ட வைத்தார். ஆனால் அவர்கள் காப்பாற்றியவர்கள் பெர்லின் போன்ற தூரத்து நகரங்களில் ஒளிந்திருந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்குள் ஊரிலேயே இல்லை.

அவர்கள் போன நாள் 1940 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, யூதர்களின் கூடாரப் பண்டிகை நடந்துகொண்டிருந்த வாரம். பாடன், சார்-பலாட்டினேட் பகுதிகளின் நாஜித் தலைவர்களான ராபர்ட் வாக்னரும் யோசெஃப் பியூர்க்கலும் தங்கள் மாவட்டத்தை ‘யூதரற்ற’ முதல் மாவட்டமாக்கிக் காட்ட ஆசைப்பட்டார்கள். ஒரே நாளில் சுமார் 6,500 பேர். கதவைத் தட்டிய போலீஸ்காரர் கொடுத்த நேரம் சில வீடுகளில் இரண்டு மணி, சில வீடுகளில் கால் மணி. ஆளுக்கு 50 கிலோ சாமான், 100 மார்க் பணம். கைலிங்கனிலிருந்து சுமார் 200 பேர், ஃப்ரீட்ரிக்ஸ்ஹைம் முதியவர்களையும் விடவில்லை.

அன்று போலீசாருக்குக் கொடுத்த அறிவுரைத் தாள் ஒன்று இருக்கிறது. ஆட்களை எப்படி அடிப்பது என்று அதில் இல்லை. ஆடுமாடு, நாய், பூனை, கூண்டுப் பறவை இருந்தால் மேயரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கு. கெட்டுப்போகும் உணவுப் பொருளை நலச்சங்கத்திடம் கொடு. அடுப்பை அணை. தண்ணீர்க் குழாயையும் எரிவாயுவையும் மூடு. மின்சார ஃபியூஸைப் பிடுங்கு. வீட்டுச் சாவிகளை ஒன்றாகக் கட்டி, பெயர், ஊர், தெரு, கதவு எண் எழுதிய சீட்டை அதில் தொங்கவிடு. இந்த அழிவைப் பற்றி நான் வாசித்தவற்றில் என்னைத் தூங்கவிடாதது அந்தப் பூனைக்கான ரசீதுதான். வீட்டைக் காலி செய்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு எந்தச் சேதமும் வந்துவிடக் கூடாது. அடுத்து வருகிறவர் இருக்கிறாரே.

நடவடிக்கை சுமுகமாக முடிந்தது, பொதுமக்கள் அதை அநேகமாகக் கவனிக்கவே இல்லை என்று நாஜிப் பாதுகாப்புப் போலீசின் தலைவர் ஹைட்ரிக் பெர்லினில் அறிக்கை எழுதினார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெர்லின் மாதிரி நகரத்தில் அடுத்த மாடிக்காரர் காணாமல்போனதைக் கவனிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். ஒரு கிராமத்தில், யார் வீட்டுப் பசு சினையாக இருக்கிறது என்பதுவரை தெரிந்த இடத்தில், 200 பேர் ஒரே காலையில் மூட்டையோடு கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லையாம்! இதே பாடனில் இருக்கும் லோராக் என்ற ஊரில் அன்று எடுத்த புகைப்படங்கள் கிடைத்திருக்கின்றன. லாரியில் ஏறும் முதியவர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்கும் கூட்டம் அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. அதற்கடுத்த வாரங்களில் அந்த வீட்டுச் சாமான்களைத் தெருவில் வைத்து ஏலம் விட்டபோது முண்டியடித்த கூட்டமும் படத்தில் இருக்கிறது. மேசை, மெத்தை, பாத்திரம், துணிமணி. முகங்களில் குரோதம் ஒன்றும் இல்லை, மலிவாகக் கிடைக்கிறதே என்ற பரபரப்புதான்.

ரயில்கள் கிழக்கே போகவில்லை. ஒன்பது ரயில்களும் மேற்கே, பிரான்ஸைக் குறுக்காகக் கடந்து, பிரனீஸ் மலையடிவாரத்தில் குர்ஸ் என்ற முகாமுக்குப் போயின. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் அகதிகளுக்காக 1939இல் அவசரமாகப் போட்ட பலகைக் கொட்டகைகள் அவை; மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு, சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அங்கே விஷவாயு இல்லை, ஆனால் முதல் குளிர்காலத்திலேயே வயதானவர்கள் பசியாலும் வயிற்றுப்போக்காலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் சிலருக்கு விசா கிடைத்தது, சில குழந்தைகளை உதவி அமைப்புகள் வெளியே கொண்டுபோய் ஒளித்துவைத்துக் காப்பாற்றின. மற்றவர்களில் பலரை 1942 ஆகஸ்டிலிருந்து பாரிஸுக்குப் பக்கத்து டிரான்சி முகாம் வழியாக ஆஷ்விட்ஸ் மரணமுகாமுக்கு அனுப்பினார்கள்.

எண்டிங்கனும் கைலிங்கனும் ஒரே மாதிரி ஊர்கள், ஒரே தொழில், ஒரே வகைப் பேச்சு, சொல்லப்போனால் ஒரே குடும்பப் பெயர்கள். இன்று இரண்டிலுமே யூதச் சமூகம் என்று சொல்ல எதுவும் இல்லை, ஆகவே மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே முடிவுதான் என்று தோன்றலாம். அப்படியில்லை. எண்டிங்கன்காரர்களின் பேரப்பிள்ளைகள் சூரிச்சில் இருக்கிறார்கள், கல்யாணம் காட்சி என்றால் சில சமயம் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள், ஜெப ஆலயக் கடிகாரம் இன்னும் மணி அடிக்கிறது. கைலிங்கனில் ஜெப ஆலயம் நின்ற இடம் வெறும் சதுக்கம். பழைய யூதப் பள்ளிக்கூடம் அருங்காட்சியகமாகியிருக்கிறது, கல்லறைத் தோட்டம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஃப்ரீட்ரிக்ஸ்ஹைமில் கடைசியாக இருந்த முதியவர்களை அங்கே தேடிப் பிரயோசனமில்லை. அதற்குக் குர்ஸுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. 1960களிலிருந்து அவற்றுக்குக் களை பிடுங்கி, கல்லைச் சீர்செய்யும் செலவைப் பாடன் நகரங்கள் பார்த்துக்கொள்கின்றன.